பத்து நிமிடத் தண்ணீர்: கடலூரில் தீயணைப்பு வேலை எப்படி நடக்கிறது

கடலூர் மாவட்டத்தில் எந்தக் கிராமத்தில் கூரை பற்றினாலும், தீயணைப்பு வண்டியில் போகிறவர்கள் காதில் விழும் பேச்சு இரண்டுதான். “எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச அப்புறம் வந்திருக்கீங்க” என்பது ஒன்று. “வந்து பத்து நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள தண்ணி தீர்ந்துபோச்சாம்” என்பது மற்றொன்று. ரேஷன் கார்டும் நிலப் பத்திரமும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் சேர்ந்து சாம்பலான வாசலில் நிற்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தாமதத்துக்கும், தண்ணீர் தீர்ந்ததற்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால்தான் அந்த வேலை என்ன வேலை என்றே புரியும்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். நான்கு வீடு தள்ளி, முன்னணி தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். இடது காது அவருக்குச் சரியாகக் கேட்காது. வண்டியின் பம்ப் பக்கத்திலேயே நின்று வருடக்கணக்காக வேலை பார்த்ததால் என்று சொல்வார். வலது பக்கம் உட்கார்ந்து பேசினால் எல்லாம் சொல்வார். நான் இங்கே எழுதுவதில் பாதி, அந்த வலது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

முதலில் தாமதம். பங்குனி, சித்திரையில் தென்னங்கீற்றுக் கூரை எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூலையில் பொறி விழுந்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் கூரை முழுதும் உள்ளே சரிந்துவிடும். ஸ்டேஷனில் பெல் அடித்து ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது பயிற்சி. சரி, தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊர் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டியின் வயிற்றில் 4,500 லிட்டர் தண்ணீர், அதாவது நாலரை டன். வளைவில் திரும்பும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் வேகமாக ஒடித்தால் வண்டி கவிழும். சந்தை, ஸ்பீடு பிரேக்கர், போட்டிருக்கும் ரயில்வே கேட் எல்லாவற்றையும் கடந்து சராசரி 40 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. அந்தக் கணக்கில் 18 நிமிடம் ஆகிறது. யாராவது போனை எடுத்து 101-ஐயோ 112-ஐயோ அழைத்துத் தகவல் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இதில் சேரவில்லை.

ஆக, பற்றிய வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று வண்டியில் ஏறும்போதே அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஓடுவது அடுத்த பத்து வீட்டுக்காக. இறங்கியதும் முதலில் பார்ப்பது தீயை இல்லை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. காற்று போகும் திசையில் இன்னும் பற்றாமல் நிற்கும் கூரையை நீளக் கொக்கியால் இழுத்துப் பிரிப்பார்கள், அல்லது ஊற ஊற நனைப்பார்கள். பெரும்பாலும் அடிதடி வருவது இந்த இடத்தில்தான். “எரியிற வீட்டை விட்டுட்டு நல்லா இருக்கிற வீட்டைப் பிரிக்கிறான் பாரு” என்று மாமாவின் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். பிரித்த கூரைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகள் தப்பித்ததை அந்த நேரத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். ஹோஸ் முனையில் மாட்டும் பித்தளைக் குழலை அவர்கள் பிராஞ்ச் என்பார்கள். நன்றாக அழுத்தம் கொடுத்து ஒரு பிராஞ்சை ஓட்டினால் நிமிடத்துக்கு 400, 500 லிட்டர் போகும். நாலாயிரத்து ஐந்நூறை அதால் வகுத்துப் பாருங்கள். பத்து நிமிடம்தான் வருகிறது. இரண்டு பிராஞ்ச் ஓட்டினால் ஐந்து நிமிடம். வண்டியில் வருவது தீயை முழுதாக அணைக்கிற தண்ணீர் கிடையாது, வேறு தண்ணீர் கிடைக்கும்வரை தீயைப் பிடித்து நிறுத்துகிற தண்ணீர். அதனால்தான் வண்டி நின்றதுமே ஒருவர் கிணறு, குளம், வாய்க்கால், மோட்டார் கொட்டகை எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடுவார். ஊர்க்காரர்களுக்கு அது வேலையைத் தட்டிக்கழிக்கிற மாதிரி தெரியும்.

“பக்கத்துலயே கிணறு இருக்கே, இழுக்க வேண்டியதுதானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பம்ப் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் முழு அழுத்தமும் சேர்ந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. குழாய் உராய்வு, இணைப்பில் கசியும் காற்று எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் நல்லது. கோடையில் நம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது? எட்டிப் பார்த்தால் பளபளவென்று தெரியும், ஆனால் வண்டியால் எடுக்க முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் இதே கதைதான். அதற்குப் பதில் யாராவது விவசாய மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தால் அது பெரிய உதவி. கெடிலத்திலோ உப்பனாற்றிலோ கரையோரம் நிறுத்தி இழுக்கலாம். ஆனால் உப்பனாற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஓட்டிவிட்டு வந்தால், திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பை அலசியாக வேண்டும். அலசாமல் விட்டால் அடுத்த கோடைக்குள் உள்பாகம் அரித்துப்போகும்.

ஹோஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சினிமாவில் ஒருவரே அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். இங்கே பயன்படும் 63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிரம்பினால், உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் 47 கிலோ. மூன்று ஹோஸை இணைத்து ஒரு சந்துக்குள் திரும்பினால் இழுக்க ஆள் வேண்டும். முனையில் தண்ணீர் முன்னால் பாயும்போது பிடித்திருப்பவரைப் பின்னால் தள்ளும். அதனால் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் முதுகில் தோளைக் கொடுத்து நிற்பார். ஒரு வண்டிக்கு ஆள் குறைவாக வந்தால் முதலில் அடி வாங்குவது இந்த இடம்தான்.

கான்கிரீட் வீட்டுத் தீ வேறு மாதிரி. கூரை வீட்டில் அனல் மேலே போய்விடும். ஜன்னல் சாத்திய அறையில் எங்கும் போகாது. மெத்தை, சோபா, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் விடும் புகை கூரையை ஒட்டித் தேங்கி, சுமார் 500, 600 டிகிரிக்குச் சூடானால் ஒரே நொடியில் அறை முழுவதும் பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டர் நீராவி ஆகும். எனவே கண்மூடித்தனமாகப் பீய்ச்சினால் அந்த ஆவி திரும்பி வந்து உள்ளே நிற்பவரையே வேகவைத்துவிடும். எவ்வளவு தண்ணீர், எந்தக் கோணத்தில், எத்தனை நொடி என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது.

உள்ளே போக பிஏ செட் என்கிற மூச்சுக் கருவியை மாட்ட வேண்டும். முதுகில் சுமக்கும் 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் 1,800 லிட்டர் காற்று இருக்கும். சாதாரணமாக மூச்சு விட்டால் முக்கால் மணி நேரம் தாங்கும் என்று காகிதத்தில் போட்டிருக்கும். படியேறி, ஹோஸ் இழுத்து, பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டு வேலை செய்யும்போது அதில் பாதிகூட வராது. காற்று குறைந்ததும் விசில் அடிக்கும். அடித்தால் இன்னும் சில நிமிடங்கள்தான், வந்த வழியே வெளியேற வேண்டும். புகைக்குள் தன் கையே தெரியாது. ஹோஸைத் தொட்டுக்கொண்டும் சுவரை ஒட்டிக்கொண்டும் நகர்வார்கள். மாமா ஒரு விஷயம் சொன்னார், அதன் பிறகு நான் அதை மறக்கவே இல்லை. இருட்டில் துழாவும்போது புறங்கையால்தான் தொட வேண்டுமாம். உள்ளங்கை மின்கம்பியில் பட்டால் விரல்கள் மடங்கி அதையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் உதறிக்கொண்டு விலகும். சொல்லிவிட்டுத் திண்ணைச் சுவரில் புறங்கையை வைத்து மெல்ல நகர்த்திக் காட்டினார். ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை தானாக அப்படித் திரும்பியது.

கடலூருக்கென்று தனியாக இருக்கும் பயம் சிப்காட். 1980-களில் வந்த அந்தத் தொழிற்பேட்டை, முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையை ஒட்டி, உப்பனாற்றங்கரையில் நீள்கிறது. குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள் ஆலைகளை ஒட்டியே வாழ்கின்றன. 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது.

ரசாயன ஆலைக்குப் போகும் வண்டி தண்ணீரை நம்பிப் போக முடியாது. தண்ணீர் பட்டாலே சீறும் பொருள்கள் உண்டு. தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும் கரைப்பான்கள் உண்டு, அவற்றுக்கு ஃபோம் போட்டு மூட வேண்டும். மெத்தனால் எரிந்தால் பகல் வெயிலில் சுடரே சரியாகத் தெரியாது. அனல் முகத்தில் அடித்த பிறகுதான் நெருப்புக்குள் நடந்துகொண்டிருப்பது புரியும். எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்ற தகவல் வாசலிலேயே கிடைக்காவிட்டால் உள்ளே போவது சூதாட்டம். அபாயகர ரசாயனங்களைக் கையாளும் பெரிய ஆலைகள் வளாகத்துக்குள்ளான அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும், வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் தயாரிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தத் திட்டம் கோப்பில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரவு 2 மணிக்கு கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குத் தொட்டி நம்பரும் பொருளின் பெயரும் தெரியுமா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அப்புறம் காற்று. விஷவாயு கசிந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது காற்று நம் முதுகில் அடிக்கும்படி நெருங்க வேண்டும். கடலோரத்தில் அந்தக் காற்று ஒரே நாளில் திசை மாறும். இரவிலும் விடியலிலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும், புகையை உப்பனாறு தாண்டிக் கடற்கரைக் குப்பங்களின் பக்கம் தள்ளும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் அதே புகை திரும்பி மேற்கே இருக்கும் ஊர்களுக்குள் நுழையும். காலையில் பாதுகாப்பாக நிறுத்திய வண்டி மதியம் புகைக்குள் நிற்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் காற்றைக் கவனிக்கிற மாதிரியே இவர்களும் கவனிக்கிறார்கள்.

துறையின் பெயரிலேயே தீயணைப்புடன் மீட்புப் பணியும் சேர்ந்திருக்கிறது. மாமாவிடம் கேட்டால், தூக்கத்தைக் கெடுப்பது தீ இல்லை, மீட்புதான் என்பார்.

செப்டிக் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அண்ணனோ மச்சானோ யோசிக்காமல் இறங்குவார். அவரும் விழுவார். மூன்றாவதாக ஒருவர் இறங்குவார். பாசம்தான் இப்படி வரிசையாகக் கொல்கிறது. காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துப்போகும். “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். பழைய கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை இங்கே செய்யவே கூடாது, டேங்கில் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். வண்டி வரும்வரை வெளியே நின்று காத்திருப்பது என்பது, உள்ளே தன் அண்ணன் கிடக்கும்போது, மனிதனால் தாங்க முடியாத காத்திருப்பு. ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும். பிஏ செட் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டித்தான் இவர்களே இறங்குகிறார்கள்.

ஆறு இன்னொன்று. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் மூழ்கி இறந்தது இந்த மாவட்டத்துக்கு நினைவிருக்கும். கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இது போதாதென்று கடல். மூழ்கியவரை உயிரோடு எடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அது பெரும்பாலும் கரையில் நிற்கும் ஊர்க்காரர்களின் கையில்தான் இருக்கிறது. வண்டி போய்ச் சேரும்போது வேலை உடலைத் தேடுவதாக மாறியிருக்கும்.

அந்த வேலையை மாமா ஒருமுறை விளக்கினார். கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக் கொலுசைக் கயிற்றில் கட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாட்டிக் கயிறு கனக்கும். வேராக இருக்கும், சேலைத் துணியாக இருக்கும், பிளாஸ்டிக் சாக்காக இருக்கும். கயிறு கனக்கும் ஒவ்வொரு முறையும் கரையில் நிற்கும் தாய் எழுந்து நிற்பாள். வேர் என்று தெரிந்ததும் உட்காருவாள். “அந்தம்மா எழுந்து உட்கார்றதைப் பார்க்காம இழுக்கக் கத்துக்கணும்” என்றார். கற்றுக்கொண்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

மற்ற அழைப்புகளை வேகமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் நுழைந்த நல்ல பாம்பு, கிணற்றில் விழுந்த பசு, பனையில் கூடு கட்டிய கதண்டு என்கிற விஷக் குளவி, கசியும் கேஸ் சிலிண்டர், விரலில் இறுகிப்போன மோதிரம். கதண்டை இருட்டிய பிறகுதான் எரிப்பார்கள், பகலில் பாதி வெளியே பறந்துகொண்டிருக்கும். வெள்ளம் வடியும் வாரம் பாம்பு அழைப்புகள் குவியும்.

வெள்ளமும் புயலும் இந்த மாவட்டத்தில் வருடாந்திர வேலை மாதிரி ஆகிவிட்டன. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருமழை, 2024-இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, மரம் அறுக்கும் மெஷினோடு நாள் கணக்கில் சாலையில் கிடந்தார்கள். விழுந்த மரம் பார்க்கச் சாதுவாக இருக்கும். வளைந்து அழுந்தியிருக்கும் கிளையைத் தவறான பக்கம் அறுத்தால் வில் போல விடுபட்டு நெஞ்சில் அடிக்கும். வெள்ளத்தில் ரப்பர் படகுக்குக் கீழே முள்வேலியும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அந்த நாட்களில் இவர்களில் பலருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார்? சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அதே பொதுத் தேர்வுதான், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் எல்லோருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது, கயிறு ஏறுவது. அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. மைதானத்தில் ஓடிப் பழகும் பையன்கள் முதலில் விரும்புவது பெரும்பாலும் காக்கிச் சட்டைப் போலீஸ்தான். தீயணைப்புக்கு ஒதுக்கீடு வந்தால் வீட்டில் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். மாமா வீட்டிலும் அப்படித்தான் இருந்ததாம். இந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயிர் போவதும் நடக்கிறது. ஏப்ரல் 14-இல் தொடங்கும் தீத்தொண்டு வாரமே, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவாகத்தான். நம் மாநிலத்தில் 2020 தீபாவளி நேரத்தில், மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது பழைய கட்டடம் சரிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். துணி மூட்டைகள் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சூட்டில் சுவர் பலம் இழக்கும். அணைக்க ஊற்றும் தண்ணீரே கட்டடத்தின் மேல் பாரமாக ஏறுகிறது.

மெதுவாக வரும் சாவு வேறு. தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. புகை மூக்கு வழியாக மட்டும் வருவதில்லை, உடுப்பில் படிந்த கரி தோல் வழியாகவும் ஏறும். அந்த உடுப்பை ஸ்டேஷனிலேயே துவைத்து உலர்த்த வசதி வேண்டும், மாற்று உடுப்பு வேண்டும். மாமா காலத்தில் கரிப்படிந்த சட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளைகளின் துணியோடு ஒரே வாளியில் அத்தை ஊறவைப்பார். கத்திரி வெயிலில் கனத்த கோட்டைப் போட்டால் வேர்வை ஆற வழியில்லாமல் உடம்பு உள்ளேயே வேகும், அதனால் கோட்டையே போடாமல் போனவர்களும் உண்டு. கடலோர வெயிலுக்குத் தாங்குகிற உடுப்பைப் பற்றி யோசிக்காமல் வீரத்தைப் பற்றிப் பேசுவது போதாது.

அவர் பணியில் இருந்தபோது காலை 8 மணிக்கு ஏறினால் மறுநாள் காலை 8 மணிக்குத்தான் இறங்குவார். விடியற்காலை ஒரு கூரைத் தீயை முடித்துவிட்டு வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எல்லோர் கண்ணும் சிவந்திருக்கும், பசிக்கும், யாருக்காவது கையில் கொப்புளம் இருக்கும். டீக்கடை திறந்திருக்கும். ஆனால் யாரும் போக மாட்டார்கள். நனைந்த ஹோஸை இறக்கிவிட்டு, காய்ந்த ஹோஸை எடுத்து வண்டியில் அடுக்குவார்கள். காலி சிலிண்டரை மாற்றுவார்கள். ஒருவர் குழாயை இழுத்து வந்து டேங்கில் விடுவார். நாலாயிரத்து ஐந்நூறு லிட்டரும் நிரம்பித் தண்ணீர் மேலே வழிந்து தரையில் கொட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் டீ குடிக்கப் போவார்கள்.